மீனுக்கு வந்த அம்மாள் வருத்தம்

என் வயதுக்காரர் பலருடைய வீடுகளில் இப்போது மீன் தொட்டி இருக்கிறது. பிள்ளைகள் வாங்கிக் கொடுத்திருக்கிறார்கள். முன்னால் இருந்து பார்த்துக்கொண்டிருந்தால் பிறஷர் குறையுமாம், மனம் ஆறுமாம். போன மாதம் ஒரு சிநேகிதி தன் தொட்டியைக் காட்டவென்றே என்னைக் கூப்பிட்டாள். "வந்து இரும், நல்ல அமைதியா இருக்கும்" என்றாள். நான் தேத்தண்ணி ஆறும் மட்டும்கூட இருக்கவில்லை. எனக்குப் பிறஷர் ஏறத் தொடங்கிவிட்டது. அவளுக்குக் காரணம் சொல்லாமல் எழும்பி வந்துவிட்டேன். காரணத்தை இப்போது உங்கள் எல்லாருக்கும் சேர்த்துச் சொல்கிறேன். பழைய கதையை ஏன் கிண்டுகிறாய் என்று நினைக்கிறவர்கள் தாராளமாக எழும்பிப் போகலாம். நான் கிண்டத்தான் போகிறேன்.

எங்கள் வீடு யாழ்ப்பாணத்துக்குப் பக்கத்துத் தீவில், கரம்பொனில். ஒரே வளவுக்குள் இரண்டு வீடுகள். ஒன்று எங்களுடையது, மற்றது அம்மாவின் தமக்கையான பெரியம்மாவுடையது. இரண்டும் சீதனமாக வந்தவை. அப்பா தெற்கே ஒரு கடையில் நின்றார். வருடத்துக்கு ஒருக்கா வந்து, பிஸ்கற்றும் சீத்தைத் துணியும் தந்துவிட்டுப் போவார். ஆகவே எங்கள் வீட்டுக்கும் சேர்த்துத் தீர்ப்புச் சொல்கிறவர் பெரியம்மாவின் புருஷன், எங்கள் பெரியப்பா. கொழும்பில் கந்தோர் உத்தியோகம் பார்த்து ஓய்வு பெற்றவர். ஊருக்கு வரும்போது ஒரு கண்ணாடித் தொட்டியையும் அதற்குள் விட மீன்களையும் கொண்டுவந்தார்.

தொட்டி அவருடைய வீட்டு ஹோலில், வருகிறவர் கண்ணில் முதலில் படுகிற இடத்தில் இருந்தது. இரும்புச் சட்டம், தடித்த கண்ணாடி, மூலைகளில் கண்ணாடி ஒட்டப் பூசியிருந்த புற்றியின் எண்ணெய் மணம். உள்ளே செம்மஞ்சள் நிறக் கத்திவால் மீன்கள், கரிக்கட்டி போலக் கறுத்த மொலிகள். மீனைக் கடகத்திலும் கறிச்சட்டியிலும் மாத்திரம் பார்த்த ஊர் அது. சனம் வந்து வந்து பார்த்தது. எங்களுக்கு மீன் கொண்டுவருகிறவர் குனிந்து பார்த்துவிட்டு, "உது பொரிக்கவும் காணாது ஐயா, உதுக்கேன் கண்ணாடி வீடு?" என்று கேட்டார். பெரியப்பாவைத் தவிர எல்லாரும் சிரித்தோம்.

வேடிக்கை பார்ப்பது பெரியப்பா, தொட்டி கழுவுவது என் அக்கா. கொஞ்ச நாளிலேயே அப்படி ஆகிவிட்டது. அக்கா எனக்கு எட்டு வயது மூத்தவள். பள்ளிக்கூடத்தில் சயன்ஸ் பாடங்களில் அவளை மிஞ்ச ஆளில்லை. வற்றுக்கடலில் இறங்கி, கடலட்டையைக் கையில் எடுத்துத் திருப்பித் திருப்பிப் பார்ப்பாள். "வாய் எங்க, பின்பக்கம் எங்க எண்டு சொல்லு பாப்பம்" என்று என்னைக் கேட்பாள். நான் அருவருத்து ஓடுவேன். டொக்டர் ஆகவேண்டும், காரில் போகவேண்டும் என்பதெல்லாம் அவளுக்கு இல்லை. உயிருள்ளதுகளைப் பற்றிப் படிக்கவேண்டும், அவ்வளவுதான். அதற்கு எங்கள் பள்ளிக்கூடத்தில் மேல்வகுப்பு இல்லை. யாழ்ப்பாணத்துக்குப் போய் விடுதியில் நின்றுதான் படிக்கவேண்டும். விடுதிக்குப் பொறுப்பாளராக ஓர் ஆண்பிள்ளை கையெழுத்து வைக்கவேண்டும். அப்பா கடையில். மிச்சம் யார்? பெரியப்பாதான்.

அக்கா போய்க் கேட்டாள். நான் அவளுடைய பாவாடையைப் பிடித்துக்கொண்டு நின்றேன்.

"பொம்பிளைப் பிள்ளையை ரவுணில விடுறதெண்டால் சும்மாவே?" என்றார் பெரியப்பா. "உமக்குப் பொறுப்பு இருக்கோ எண்டு நான் பாக்கவேணும். சித்திரை வரைக்கும் இந்த மீனுகளைச் சாகாமல் பாரும். பாத்தீரெண்டால் நானே கூட்டிக்கொண்டு போய்ச் சேர்த்து விடுறன்."

"ஓம் பெரியப்பா" என்றாள் அக்கா. அவளுடைய முகத்தில் அப்படியொரு சந்தோசம்.

என்ன தாராள மனம் பாருங்கள்! ஒரு பெட்டையின் படிப்பை எடுத்து, விரல் நீள மீனின் வாலில் கட்டிவிட்டார். ஒன்பது வயதில் எனக்கு அது விளையாட்டாகத் தெரிந்தது. இப்போது நினைத்தால் வாயில் வருகிறதை எழுத முடியாது.

மீன்கள் நன்றாகத்தான் இருந்தன. குட்டியும் போட்டன. குட்டிகளைத் தாய் தின்னாமல் அக்கா ஒரு போத்தலில் பிரித்து வைத்தாள். மாசி மாதம் கொழும்பிலிருந்து வந்த ஒருவர் பெரியப்பாவுக்கென்று புதிதாகச் சில மீன்களை அகன்ற வாய்ப் போத்தலில் கொண்டுவந்து கொடுத்தார்.

"புதுசைக் கொஞ்ச நாள் வேறயா வைப்பம் பெரியப்பா. வருத்தம் ஏதும் இருந்தால் தெரியும்" என்றாள் அக்கா.

"அதுகளென்ன புகுந்த வீட்டுக்கோ போகுதுகள், வெக்கப்பட? விடும்" என்று சொல்லி, வந்தவருக்கு முன்னால் போத்தலை அப்படியே தொட்டிக்குள் கவிழ்த்தார் பெரியப்பா.

ஒரு கிழமை போயிருக்கும். ஒரு கத்திவால் மீன் அடிக் கல்லில் தன் உடம்பைத் தேய்த்தது. சொறி பிடித்த நாய் சுவரில் தேய்க்குமே, அப்படி. எனக்கு வேடிக்கையாக இருந்தது. அக்காவுக்குச் சிரிப்பு வரவில்லை. ரோச் லைற்றைக் கொண்டுவந்து தொட்டியின் பக்கவாட்டில் பிடித்துப் பார்த்தாள். மீன் செட்டைகளை உடம்போடு மடித்து வைத்திருந்தது. வாலில் ரவை ஒட்டினது போல வெள்ளைப் புள்ளி. அடுத்த நாள் மற்ற மீன்களிலும் புள்ளி. சயன்ஸ் ரீச்சரிடம் ஒரு பழைய ஆங்கிலப் புத்தகம் இருந்தது. அக்கா அதை இரவல் வாங்கிக்கொண்டு வந்து வாசித்துவிட்டு எனக்குச் சொன்னாள். "இதுக்குப் பேர் வெண்புள்ளி. உது புள்ளியில்லை, பூச்சி. தோலுக்குக் கீழ இருந்து தின்னுது. கொழுத்தாப்பிறகு கீழ விழும். விழுந்து நூறாய் ஆயிரமாய்ப் பெருகித் திரும்ப வரும். கீழ விழுந்தாப் பிறகுதான் அதைக் கொல்ல ஏலும். உப்புத் தண்ணியும் வெக்கையும் இருந்தால் காணும்."

உப்புத் தண்ணிக்குத் தீவில் என்ன குறை? எங்கள் வளவுக் கிணறு உவர். குளிக்கவும் உடுப்புத் தோய்க்கவும் மட்டும் பாவிப்போம். குடிக்கிற நல்ல தண்ணியைப் பெண்டுகள் தூரத்திலிருந்து குடத்தில் சுமந்து வருவார்கள். பெரியப்பாவின் மீன்கள் நல்ல தண்ணியில் வாழ்ந்தன. அது வேறு கதை, அதற்கும் நான் எரிச்சல்படலாம். மாசி, பங்குனியில் உவர் இன்னும் தடிக்கும். அக்கா தொட்டியிலிருந்து ஒரு செம்பு நல்ல தண்ணியை எடுத்துவிட்டு ஒரு செம்பு உவர்த் தண்ணியை விட்டாள். பிறகு பின்னேரம் ஒன்று. மீனுக்குத் தெரியாமல் மெல்ல மெல்ல மாற்றவேண்டுமாம். காலை வெயில் தொட்டியில் படட்டும் என்று யன்னலை அகலத் திறந்து வைத்தாள்.

பெரியப்பா ஒரு நாள் சாய்மனைக் கதிரையில் இருந்தபடி அதைப் பார்த்தார். "உவரோ?" என்றார்.

"ஓம் பெரியப்பா. வெண்புள்ளிக்கு உப்புத்தான் மருந்து."

"ம்" என்று தலையை ஆட்டிவிட்டுப் பேப்பரை விரித்தார்.

அன்றைக்குப் பின்னேரம்தான் பெரியம்மா பூ வைக்க ஹோலுக்குள் வந்தவர் தொட்டியைக் குனிந்து பார்த்தார். "ஐயோ! அம்மாளெல்லோ வந்திருக்கிறா!" என்று கன்னத்தில் போட்டுக்கொண்டார்.

அந்தப் பங்குனியில் ஊரெல்லாம் அம்மாள் வருத்தம், அதுதான் அம்மை நோய். முத்துப் போட்ட பிள்ளைகள் வீட்டுக்கு வீடு படுத்துக் கிடந்தார்கள், படலைகளில் வேப்பிலை தொங்கியது. உங்களுக்குத் தெரியும்தானே, அம்மாள் வருத்தத்துக்கு மருந்து கொடுக்கக்கூடாது. கொடுத்தால் அம்மாளுக்குக் கோபம் வரும். வீட்டில் தாளிக்கக்கூடாது, பொரிக்கக்கூடாது, மீன், இறைச்சி என்று மச்சமே கூடாது. துடக்குக்காரர், அதாவது தீட்டுள்ளவர்கள், கிட்ட வரக்கூடாது. எல்லாம் சரி, மனிசருக்கு. பெரியம்மா அத்தனையையும் மீனுக்குச் செய்தார். தொட்டியைச் சுற்றி வேப்பிலைக் கொத்துக் கட்டினார். மேலே வெள்ளைத் துணி விரித்தார். வளவில் இரண்டு குசினியிலும் மீன் கறி நிறுத்தப்பட்டது. சுற்றிவரக் கடல், ஒரு வீட்டில் மீனுக்கு வருத்தமென்று மீன் கறி இல்லை! ஊர் சிரித்தது. பெரியம்மா சிரிக்கவில்லை. அவர் முழுமனதாக நம்பினார்.

"பெரியம்மா, இது அம்மாள் இல்லை, பூச்சி" என்றாள் அக்கா.

"வாயைக் கழுவு! அம்மாளைப் பூச்சி எண்டுறியோ?" என்று பெரியம்மா பாய்ந்தார். அம்மா அக்காவின் தோளைப் பிடித்து இழுத்துக்கொண்டு வந்துவிட்டாள். அதற்குப் பிறகு அக்கா வாயால் ஒன்றும் சொல்லவில்லை. குளிர்மைக்குத் தண்ணி விடுகிறேன் என்று சொல்லி, வேப்பிலைக்கு இடையால் கையை விட்டுத் தன் வைத்தியத்தைச் செய்தாள். பெரியம்மாவும் தன் வைத்தியத்தைச் செய்தார். இரண்டு வைத்தியரும் ஒருவரையொருவர் முறைத்துக்கொண்டு திரிந்தார்கள்.

புள்ளிகள் குறைந்தன. மீன்கள் செட்டையை விரித்தன. தூவின தவிட்டுக்குப் பாய்ந்து வந்தன. அக்கா என்னை இறுக்கிக் கட்டிப் பிடித்தாள். "ஆனா இன்னும் முடியேல்லை" என்றாள். "புள்ளி போனது சுகம் வந்ததில்லை. அதுகள் கீழ விழுந்திருக்கு. இன்னும் ஒரு கிழமையெண்டாலும் தண்ணியை இப்பிடியே வைச்சிருக்கவேணும்."

ஆனால் பெரியம்மாவின் கணக்கில் முத்து உதிர்ந்தால் அம்மாள் இறங்கிவிட்டா. இறங்கினால் தண்ணி வார்க்கவேண்டும். மஞ்சளும் வேப்பிலையும் போட்ட தண்ணியில் தலைமுழுக்கு. அதோடு வருத்தம் முடிந்தது. மீனுக்கு எப்படித் தலைமுழுக வார்ப்பது? அதை யோசித்துக்கொண்டிருந்தபோது பெரியப்பா வந்து சேர்ந்தார். அவர் கறியில்லாமல் காய்ந்துபோயிருந்தார். "இஞ்சாரும், எத்தினை நாளைக்கு இந்தக் கீரையும் பருப்பும்? கெதியா வார்த்து முடியும். எல்லாத் தண்ணியையும் மாத்திவிட்டால் அது முழுக்குத்தானே" என்று யோசனை சொன்னவர் அவர்தான். என் காதால் கேட்டேன். மாங்காய் தின்றுகொண்டு வாசலில் நின்றேன், அதில் என்ன கேடு என்று எனக்கு அப்போது விளங்கவில்லை.

அன்றைக்கு அக்கா வீட்டுக்குத் தூரம். பின் அறையில் ஒதுக்கி வைத்திருந்தார்கள். பெரியம்மாவின் வீட்டுப் பக்கம் தலை காட்டக்கூடாது, கிணற்றையும் தொடக்கூடாது. நான்தான் அவளுக்குக் கண். யன்னல் கம்பிக்கு அந்தப் பக்கம் நின்று கேட்பாள். "செட்டை விரிச்சிருக்கோ? எது தனிய நிக்குது? மூச்சு எப்பிடி விடுது?" நான் ஓடிப்போய்ப் பார்த்து வந்து சொல்வேன்.

அடுத்த நாள் காலையில் பெரியம்மா குளித்து, ஈரச் சேலையோடு வந்தார். தொட்டியில் இருந்த தண்ணியையெல்லாம் அள்ளி அள்ளி வெளியே ஊற்றினார். மீன்கள் அடியில் ஒரு சாண் தண்ணியில் பக்கம் சாய்ந்து துடித்தன. பிறகு மஞ்சளும் அரைத்த வேப்பிலையும் கரைத்த நல்ல தண்ணியைக் குடத்தோடு கவிழ்த்தார். இரவெல்லாம் முற்றத்தில் குளிர்ந்து கிடந்த தண்ணி. தொட்டி மஞ்சள் குழம்பாகிவிட்டது. பெரியம்மா கைகூப்பி நின்றார். பக்கத்தில் பெரியப்பாவும் நின்றார், அவரும் கைகூப்பினார்.

நான் யன்னலுக்கு ஓடினேன். "அக்கா, எல்லாம் மேல வந்து வாயைப் பிளக்குது!"

"என்ன தண்ணி விட்டவை?"

"நல்ல தண்ணி. மஞ்சள், வேப்பிலை எல்லாம்."

"முழுக்கவோ? ஒரேயடியாவோ?"

"ஓம்."

அக்கா கதவைத் தள்ளிக்கொண்டு வந்தாள். துடக்கு, கிணறு, அம்மாள், ஊர், ஒன்றையும் அவள் பார்க்கவில்லை. கிணற்றுத் துலாவை இழுத்து ஒரு வாளி உவர்த் தண்ணியை அள்ளிக்கொண்டு ஓடினாள். பாதித் தண்ணி பாவாடையில் ஊற்றுப்பட்டது. ஹோலுக்குள் போய் இரண்டு கையையும் தொட்டிக்குள் விட்டு, மீன்களை ஏந்தி ஏந்தி வாளிக்குள் போட்டாள். அவற்றில் சில அதற்கு முதலே மல்லாந்துவிட்டன. சில அவளுடைய உள்ளங்கையிலேயே நின்றுபோயின. குசினியில் விளைமீன் குழம்பு கொதித்துக்கொண்டிருந்தது. மணம் ஹோல் முழுக்க.

"துடக்கோட அம்மாளின்ரை தண்ணிக்குள்ள கை வைச்சிட்டாளே! சாக்காட்டிப்போட்டாளே!" என்று பெரியம்மா தலையில் அடித்துக்கொண்டு கத்தினார். அயலட்டையெல்லாம் வேலியால் எட்டிப் பார்த்தது. அம்மா ஓடிவந்து அக்காவின் முதுகில் ஓங்கி அடித்தாள்.

"நான் தொட முந்தியே செத்துக்கொண்டிருந்தது" என்றாள் அக்கா. அழவில்லை. பெரியப்பாவைப் பார்த்தாள். "பெரியப்பா, நீங்கள் பாத்துக்கொண்டுதானே நிண்டனீங்கள். உப்புத் தண்ணியில நிண்டதுகள். ஒரேயடியா மாத்தினால் தாங்குமே? சொல்லுங்கோவன்."

நாங்கள் எல்லாரும் அவருடைய வாயைப் பார்த்தோம். அவர் சால்வையை உதறித் தோளில் போட்டார். "உந்தச் சத்தத்தை நிப்பாட்டுங்கோ. மனிசன் சாப்பிடுறேல்லையோ" என்று சொல்லிவிட்டுக் குசினிக்குப் போனார். வாளிக்குள் கடைசி மொலி பின்னேரம் செத்தது.

சித்திரையில் அக்கா மீண்டும் போய்க் கேட்டாள். அவளுடைய தைரியத்தைப் பாருங்கள். "நான் சொன்ன சொல் மாறமாட்டன்" என்றார் பெரியப்பா. "மீனைச் சாகாமல் பாக்கச் சொன்னனான். மீன் எங்க?" அம்மாவிடம் போய் அழுதாள். "அத்தானுக்கு எதிரா நான் வாய் திறக்கிறதோ? அவையள் இல்லாமல் எங்களுக்கு ஆர் இருக்கினம்?" என்று அம்மாவும் அழுதாள். அக்கா அப்பாவுக்கு எழுதினாள். பெரியப்பாவைக் கேட்டு நடக்கவும் என்று பதில் வந்தது.

காலியான தொட்டிக்குள் பெரியம்மா சின்ன வெங்காயம் போட்டு வைத்தார். ஹோலில் அதே இடத்தில், அதே மேசையில்.

பெரியம்மாவில் எனக்கு இப்போது கோபமில்லை. அறியாத மனுசி, நம்பினதைச் செய்தார். இத்தனை வருடம் கழித்து அதைச் சொல்லிக்கொண்டு திரிய எனக்கு விசரில்லை. நான் சொல்லவந்தது வேறு.

ஆனி மாதம் பெரியப்பாவின் பழைய கந்தோர் நண்பர் ஒருவர் நயினாதீவுக் கோயிலுக்குப் போய்விட்டுத் திரும்பும் வழியில் வீட்டுக்கு வந்தார். தொட்டிக்குள் வெங்காயத்தைக் கண்டு சிரித்தார். "எங்க ஓய் உம்மடை மீனுகள்?"

நான் கதவுக்குப் பின்னால் இருந்து கொட்டைப்பாக்கு உருட்டி விளையாடிக்கொண்டிருந்தேன். பெரியப்பா சொன்னது ஒவ்வொரு சொல்லாக இன்னும் காதில் கிடக்கிறது.

"வெண்புள்ளி வந்திட்டுது ஓய். கொழும்பிலையும் எனக்கு வந்ததெல்லோ, உப்புப் போட்டு வருத்தத்தை மாத்தினனான். இஞ்ச எங்கடை பெட்டை, ஒருத்தரும் சொல்லிக் குடுக்காமல், உவர்க் கிணத்துத் தண்ணியை விட்டு மாத்திப்போட்டாள். வலு கெட்டிக்காரி. மனுசிதான் குளிர்தண்ணியையும் மஞ்சளையும் ஊத்திச் சாக்காட்டினது."

"பிறகேன் மனுசியை மறிக்கேல்லை?"

"மறிச்சால் வீட்டில ஒரு மாதத்துக்குச் சண்டை. எனக்குக் கறியும் இல்லை. மீன்தானே, போனால் போகுது."

அக்கா தேத்தண்ணித் தட்டத்தோடு வாசலில் நின்றாள். எவ்வளவு நேரமாக நின்றாளோ தெரியாது. உள்ளே வந்து தட்டத்தை மேசையில் வைத்தாள்.

"பெரியப்பா" என்றாள். குரல் உயரவில்லை. "இப்ப சொன்னதை ஒருக்காப் பெரியம்மாவுக்கும் அம்மாவுக்கும் முன்னால சொல்லுவியளோ? நான் தொட்டுத்தான் செத்தது எண்டு ஊரெல்லாம் கதைக்குது. விடுதியில இன்னும் ஒரு இடம் இருக்காம். ரீச்சர் நேற்றும் சொன்னவ. நீங்கள் ஒரு சொல்லுச் சொன்னால் நான் போகலாம்."

பெரியப்பா நண்பரைப் பார்த்துச் சிரித்தார்.

"பாத்தீரே வாயை? பெரியாக்கள் கதைக்கிற இடத்தில வந்து நிண்டு என்ன கேள்வி கேக்கிறாள் எண்டு. இதுக்குத்தான் ஓய் நான் இவளை ரவுணுக்கு விடேல்லை."

"ஓமோம், அதுவும் சரிதான்" என்றார் நண்பர். இரண்டு பேரும் தேத்தண்ணியை எடுத்துக் குடித்தார்கள்.

சாய்மனைக் கதிரையில் சாய்ந்திருந்து, எல்லாம் தெரிந்துகொண்டு, ஒரு சொல் சொல்ல அவருக்கு நாக்கு எழும்பவில்லை. பொய் சொல்ல மட்டும் உடனே எழும்பியது. அந்த ஆள் எண்பது வயதுக்கு மேல் நோய் நொடியில்லாமல் இருந்து, நித்திரையில் போய்ச் சேர்ந்தார். புண்ணியவான் என்றார்கள். நான் செத்தவீட்டுக்குப் போகவில்லை.

அடுத்த தை மாதம் அக்காவைப் பெண் பார்க்க இறுப்பிட்டியிலிருந்து ஆட்கள் வந்தார்கள். அக்கா சுவரோரம் நின்றாள். கேட்டதற்கெல்லாம் தலையை ஆட்டினாள். பெரியப்பா மாப்பிள்ளையின் தகப்பனுக்கு வெற்றிலைத் தட்டத்தை நகர்த்திக்கொண்டு பெருமையாகச் சொன்னார்: "எங்கடை பிள்ளை வலு அடக்கம். வாய் திறக்கமாட்டுது."

அது உண்மைதான். அந்த ஆனி மாதத்துக்குப் பிறகு அவள் அவரோடு ஒரு சொல்லும் பேசியதில்லை. அவர் அதைக் கவனிக்கவேயில்லை.